துண்டு முதல் வாக்குச்சீட்டு வரை

பேரரசும் குடியேற்றங்களும் – 12

பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களை 1783இல் பறிகொடுத்த பிரித்தானியா, அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோதே இலங்கையின் கதவையும் தட்டிப் பார்த்தது. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரும் பகைவராகிவிட்டதால் அவர்களுடைய துறைமுகங்கள் பிரித்தானியக் கடற்படைக்கு இலக்காயின. 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில், அமெரிக்கருக்குத் துணைநின்ற பிரான்ஸின் தளபதி சஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். இடையில் சென்னைக் கவர்னர் மக்கார்ட்னி, ஹியூ பொய்ட் என்பவரைக் கண்டி அரசனிடம் தூது அனுப்பினார். கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆளோடு உடன்படிக்கை செய்யக் கண்டி அரசவை இணங்கவில்லை. பிரித்தானிய மன்னரிடமிருந்தே கடிதம் வரட்டும் என்று தூதுவரைத் திருப்பி அனுப்பியது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1796இல், கரையோர மாகாணங்கள் பிரித்தானியர் கைக்கு வந்தன. 1802இல் அவை கொம்பனியிடமிருந்து பிரிக்கப்பட்டு முடிக்குரிய குடியேற்ற நாடாக்கப்பட்டன. 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தோடு மலைநாடும் சேர்ந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆரம்பம் முதலே மக்கள் சபைகள் இருந்தன. வர்ஜீனியாவின் சபை 1619இலேயே கூடியது. வரி விதிக்கும் உரிமை தங்கள் சபைக்கே உண்டு என்ற நம்பிக்கை அங்கே ஒன்றரை நூற்றாண்டு வேர்விட்டிருந்தது. 1765இல் லண்டன் நாடாளுமன்றம் முத்திரைத்தாள் சட்டம் கொண்டுவந்து, பத்திரிகை, உறுதி, உரிமப் பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி போட்டபோது அந்த நம்பிக்கைதான் வெகுண்டெழுந்தது. புதிதாகக் கைப்பற்றிய நாடுகளில் லண்டன் அப்படிப்பட்ட சபைகளை முளைக்கவே விடவில்லை. இலங்கையில் தேசாதிபதி ஒருவரே சட்டம் செய்தார், வரி போட்டார், படையையும் ஆண்டார். ஆணையாளர்கள் கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணைக்குப் பின் 1833இல் சட்ட நிரூபண சபை ஒன்று அமைந்தது. அதிலும் உத்தியோகத்தரே பெரும்பான்மை. உத்தியோகப் பற்றற்ற ஆறு பேரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். ஆறு பேரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள்.

மலைநாட்டின் தலைவிதியை எழுதியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் அனைத்தும், வேறொருவருக்கு உரியவை என நிரூபிக்கப்படாதவரை முடிக்கே உரியவை என்று அது கூறியது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த மேட்டுக் காடுகளுக்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத நிலம் அரசாங்க நிலமாயிற்று; ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டமிட வந்தவர்களுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர், நீதிபதிகள், படை அதிகாரிகள் எனப் பலர் இருந்தார்கள். சட்டம் செய்தவர்களும் நிலம் வாங்கியவர்களும் ஒரே வட்டத்தினர் என்பதை மறந்துவிட்டு இந்தக் காலத்தைப் படிக்க முடியாது.

1847இல் லண்டனில் கோப்பி விலை சரிந்தது, இலங்கையின் வருமானமும் சரிந்தது. மறு ஆண்டு தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு, படகுக்கு எனப் புதிய வரிகளைச் சுமத்தினார். வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்ற வீதிச் சட்டமும் வந்தது. கோப்பியை மலையிலிருந்து இறக்க வீதி வேண்டும். அந்த வீதியைக் கோப்பியால் ஒரு சதமும் காணாத கிராமத்தவன் போட வேண்டும். 1848 ஜூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டார்கள். மாத இறுதியில் மாத்தளை, குருநாகல் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. தலைவர்களில் ஒருவரான புரான் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை லண்டன் நாடாளுமன்றம் வரை போய், டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். வரிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது. அமெரிக்காவின் பொஸ்டனும் மலைநாட்டின் மாத்தளையும் எழுந்ததற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றே. பொஸ்டனுக்குச் சபையும் பத்திரிகையும் நாட்டுப்படையும் இருந்தன, மாத்தளைக்கு அவை இல்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கரின் வாதத்தைக் கையில் எடுத்தவர்கள் தோட்ட முதலாளிகள். 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டத் துரைமார் சங்கம் அதற்குள் பலமான அமைப்பாகியிருந்தது. இலங்கையின் படைச் செலவை இலங்கையின் வருமானத்திலிருந்தே எடுப்பதென்று லண்டன் முடிவு செய்தபோது, 1864 நவம்பரில் சட்ட நிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர்கள் பதவி துறந்து வெளியேறினார்கள். ஜோர்ஜ் வோல் என்ற கோப்பி வர்த்தகரின் தலைமையில் மறு ஆண்டு இலங்கைக் கழகம் பிறந்தது. நாட்டின் வரிப்பணத்தின் மீது நாட்டவருக்கே அதிகாரம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஆனால் அந்த ‘நாட்டவர்’ யார் என்ற கேள்வியை அவர்களில் எவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டம் காத்திருந்தது. முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி சிறைக்குப் போக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அந்த லயத்து மக்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளும், பண்ணையாளின் கடனும், சாதியின் சுமையும் அவர்களைக் கடல் கடக்க வைத்தன. தொடக்கத்தில் படகில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டுப்பாதையில் தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே மலையேறினார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக ஆட்களை விழுத்தின. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். ‘இவர்கள் வந்து போகிறவர்கள்’ என்ற எண்ணம் ஆட்சியாளர் மனத்தில் ஊறியது அப்போதுதான். தேயிலை வந்த பின்பும், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்து குடும்பங்கள் நிலையாகத் தங்கிய பின்பும், அந்த எண்ணம் மாறவில்லை. பிற்காலத்தின் துன்பங்கள் பலவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. முற்பணம் கொடுத்து ஊரில் ஆள் சேர்ப்பவரும், அழைத்து வருபவரும், தோட்டத்தில் வேலை வாங்குபவரும் அவரே. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்து பேர் விழுந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு ஒரு தொகை. அதைப் பென்ஸ் காசு என்றார்கள். சம்பளம் கங்காணியின் கை வழியாகப் போனது. தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலை, ஊரில் வாங்கிய முற்பணம், வழிச் செலவு, கம்பளி என்று கழிக்க வேண்டியதெல்லாம் கழிந்து மிஞ்சியதே தொழிலாளிக்கு. தன் கணக்கில் எவ்வளவு பாக்கி என்பது அவனுக்குப் பெரும்பாலும் தெரியாது. எழுதியவர் வேறு, எண்ணியவர் வேறு.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி ‘துண்டு’. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும், இவ்வளவு கடன் கட்டப்பட்டால் விடுவிக்கப்படுவார்கள். கங்காணி அந்தத் துண்டோடு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்படும் துரை கடனைக் கட்டிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை புதிய தோட்டத்தில் கடனாக ஏறும். கங்காணிக்கு மேலும் கொஞ்சம் முற்பணம் கிடைக்கும். கூட்டத்தின் கடன் இன்னும் பெருக்கும். ஆள் தட்டுப்பாடு வந்த காலங்களில் துரைமார் ஒருவருக்கொருவர் போட்டியாகத் துண்டின் தொகையை உயர்த்தினார்கள். தொகை உயர உயரக் கங்காணிக்கு இலாபம், தொழிலாளிக்கு இறுக்கம். மனிதனை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று சட்டத்தின் கண்ணில் சொல்லிக்கொள்ளலாம். மாற்றப்பட்டது உண்மையில் மனிதர்களே.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டாண்டில் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து, அதே சரிவுகளைத் தேயிலை மூடியது. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் ஏறியது. டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, திம்புல பள்ளத்தாக்குகள் லண்டனின் மின்சிங் லேன் ஏலத்தோடு இணைக்கப்பட்டன. 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு பொஸ்டன் துறையில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் சீனத் தேயிலை. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி தங்களைக் கேளாமல் விதிக்கப்பட்டதற்காகவே அமெரிக்கர் அதைக் கடலில் எறிந்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கோப்பைக்கு இலை பறித்த தொழிலாளியும் வரி கட்டினான். தோட்டத்தில் உண்ட சோறு பெரும்பாலும் இறக்குமதி அரிசி. அரிசிக்கு இறக்குமதித் தீர்வை உண்டு. ஒரு பிடி சோற்றுக்கும் அரசாங்கத்துக்குப் பங்கு கொடுத்தவனுக்கு, அந்த அரசாங்கத்தில் தன் பெயரைச் சொல்ல ஒருவர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஆட்களைக் கொண்டுவரும் வழி ஒழுங்குபடுத்தப்பட்டது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி, தொழிலாளி தமிழகத்திலிருந்து தோட்டம் வரை அனுப்பப்பட்டான். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தைத் திறந்தார்கள். பின்னர் மண்டபம் முகாம் கடல் கடப்பவர்களின் வாசலாயிற்று. கடன் கட்டு மட்டும் தளரவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்து, வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் சட்டத்தை எதிர்த்தார். இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தோடு துண்டு ஒழிந்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறி, 1929 முதல் உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்சம்பளம் நிர்ணயமாயிற்று. பிள்ளைக்கும் சம்பளம் நிர்ணயித்த சட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது பிரட்டுக்களத்தில் நின்றது.

தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவது அன்று அத்துமீறல். நுழைய வழி கண்டவர் கோதண்டராம நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த அவர், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் மக்களின் நிலையை நேரில் கண்டார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கொழும்பில் தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தினார். 1924ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் ஒதுக்கியது. 1925இல் நடேசய்யர் சட்ட நிரூபண சபைக்குத் தெரிவானார். வாக்களித்தவர்கள் சொத்தும் படிப்பும் உள்ள ஒரு சிறு கூட்டம். அவர் சபையில் பேசியது வாக்கில்லாத பெருங்கூட்டத்துக்காக. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார், பாட்டுகளை அச்சிட்டுப் பரப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் அரசியல் போய்ச் சேர்ந்தது பாட்டு வழியாகவே.

இதே ஆண்டுகளில் லண்டன் எடுத்த முடிவு ஒன்று தோட்டங்களைப் புரட்டிப் போட்டது. 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு, மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்குரிமை இருந்ததைக் கண்டு, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கச் சிபாரிசு செய்தது. சபையில் இருந்த தலைவர்களில் பலர் அதிர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர் வாக்காளரானால் கண்டித் தொகுதிகள் கைநழுவும் என்று கண்டித் தலைவர்கள் அஞ்சினார்கள். தொழிலாளி வாக்காளனானால் தோட்டத்தில் தங்கள் கட்டளை தளரும் என்று துரைமார் அஞ்சினார்கள். தேசாதிபதி ஸ்டான்லி நடுவில் ஒரு வேலி போட்டார். இலங்கையையே தன் நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்டுவோருக்கு வாக்கு. மற்றவர்கள் கல்வி, சொத்துத் தகுதியால் பெறலாம். அல்லது ஐந்தாண்டு வசித்ததைக் காட்டி நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் வாங்கலாம். சான்றிதழ் வாங்குபவர், இந்தியக் குடிபெயர்ந்தோர் என்ற வகையில் சட்டம் தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அந்தச் சான்றிதழை நாடியவர்கள் மிகச் சிலரே. வேலி போட்ட பிறகும் 1929 டிசம்பரில் சபை டொனமூர்த் திட்டத்தை 19க்கு 17 என்ற கணக்கிலேயே ஏற்றது.

1931 தேர்தலில் ஏறத்தாழ ஒரு லட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதிவாகியிருந்தார்கள். அட்டனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குப் போனார்கள். பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அட்டன் ஆசனம் நடேசய்யருக்குக் கிடைத்தது. ஆசியாவில் வேறெங்கும் எழுதப் படிக்கத் தெரியாத தேயிலைத் தொழிலாளிப் பெண் துரையோடு சமமாக வாக்களித்த காட்சி அன்று கிடையாது. அந்தப் பெருமை டொனமூருக்குக் கொடுக்கப்பட வேண்டியதே.

வாக்காளர் தொகை கூடக் கூட எதிர்ப்பும் கூடியது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்ட லயங்களில் வசிப்பவர்கள் கிராமச் சபைத் தேர்தலிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் ஜவஹர்லால் நேரு வந்து பேசியும் முடிவு மாறவில்லை. பிரிந்து கிடந்த இந்தியச் சங்கங்களை ஒன்றுபடச் செய்ததே அவருடைய வருகையின் பயன். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த நாட்களில் பிறந்தது. ஓகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. ‘வந்து போகிறவர்கள்’ என்ற பேச்சுக்கு அன்றோடு அடிப்படை இல்லாமற் போயிற்று: அதற்குப் பின் மலையில் இருந்தவர்கள் அங்கே தங்கிவிட்டவர்கள். இருந்தும் வாக்காளர் பட்டியல் கத்தரிக்கப்பட்டது. 1939இல் இரண்டேகால் லட்சமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை, நிரந்தர வதிவிட விதி கடுமையாக்கப்பட்டபின் அடுத்த சில ஆண்டுகளில் 1,70,000க்கும் கீழே இறங்கியது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு தன் முதல் தியாகியாக அவரையே எண்ணுகிறது.

இலங்கைத் தலைவர்கள் சுதந்திரத்தை நோக்கிப் போன வழி அமெரிக்கரின் வழியும் அல்ல, காந்தியின் வழியும் அல்ல. மனு, ஆணைக்குழு, அறிக்கை, பேச்சுவார்த்தை என்று மேசையைச் சுற்றியே அது நடந்தது. 1944 கடைசியில் வந்த சோல்பரி ஆணைக்குழு, எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் செய்யக் கூடாது என்ற காப்பை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் வைத்தது. யார் பிரஜை, யார் வாக்காளர் என்ற கேள்வியை உள்ளூர் அரசாங்கத்தின் கையில் விட்டது. காப்பு எவ்வளவு மெல்லியது என்பது பின்னர் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1963இல், சோல்பரிப் பிரபுவே ஒரு நூலின் முன்னுரையில், அடிப்படை உரிமைகளை உறுதிப்படுத்தாமல் விட்டதற்கு வருந்தி எழுதினார்.

1947 ஓகஸ்ட், செப்டெம்பரில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம் என இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றார்கள். காங்கிரஸ் நிற்காத தொகுதிகள் பலவற்றில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரமடைந்தது. அதே ஆண்டு நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்தவராக இருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சிங்களக் கிராமத்தவரிடமும் யாழ்ப்பாணத்தவரிடமும் அதற்கான பத்திரத்தை எவரும் கேட்கவில்லை. லயத்து மக்களிடம் கேட்டார்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் தொகை 7,80,589. நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற வழி வைத்தது: மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டுத் தொடர் வதிவிடம் காட்ட வேண்டும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. 1931இல் வந்த வாக்குச்சீட்டு, சுதந்திரம் வந்த இரண்டாவது ஆண்டில் போயிற்று.

அமெரிக்க வரலாற்றின் ஒரு பக்கம் இங்கே நினைவுக்கு வர வேண்டும். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776இல் அறிவித்த நாடு, 1790ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. 1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வாக்கில்லாத அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிட்டு, அவர்களின் எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் ஆசனம் கொடுத்தது. சோல்பரி அரசியலமைப்பில் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது கணக்கு. எண்ணப்பட்டவர்கள் பிரஜைகள் மட்டுமல்லர், வசிக்கும் மக்கள் அனைவரும். ஆகவே வாக்கிழந்த தோட்ட மக்களின் தலைகள் தொகுதி வரையும்போது எண்ணப்பட்டன, வாக்கு எண்ணும்போது எண்ணப்படவில்லை. அவர்கள் செறிந்து வாழ்ந்த தொகுதிகளில் மிகக் குறைந்த வாக்காளர்கள் ஓர் அங்கத்தவரைத் தெரிவு செய்தார்கள். இது தற்செயல் என்று கொள்ள இடமில்லை.

இந்த வாக்குப் பறிப்பை எதிர்த்து 1952 ஏப்ரலில் தொண்டமான் தலைமையில் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூற்று நாற்பது நாட்கள் நடந்தது. நீதிமன்றத்தின் கதவும் தட்டப்பட்டது. ருவன்வெல்லத் தொகுதியில் வாக்காளராகத் தன்னைப் பதியக் கோரிய கொடாக்கன்பிள்ளையின் வழக்கு, இலங்கை உயர் நீதிமன்றத்தில் தோற்று லண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. பிரஜாவுரிமையை வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று 1953இல் அது தீர்ப்பளித்தது. ஆட்களைக் கொண்டுவரச் சட்டம் செய்ததும், வாக்கு வழங்கியதும், அந்த வாக்கு பறிபோனது சரியே என்று முடிவு சொன்னதும் லண்டன்.

1951 ஓகஸ்டில் பிரஜாவுரிமை விண்ணப்பக் காலம் முடிந்தபோது 2,37,034 விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றில் அடங்கியவர்கள் 8,24,430 பேர். ஆண்டுகள் கழிந்து ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. வதிவிடத்தை நிரூபிக்கத் தோட்டத்துச் செக்ரோல், அரிசிக் கூப்பன், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று பத்திரம் தேடி மக்கள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். பெயரில் ஓரெழுத்து மாறியதற்கும் விண்ணப்பம் விழுந்தது. முத்துசாமி ஓரிடத்தில் முத்தையாவானால் இருவரும் ஒருவர் என்று நிரூபிக்க வேண்டியவர் அவரே.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைப் பதிவு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலுக்காக அட்டனிலும் நானுஓயாவிலும் புகையிரதம் ஏறியவர்களை வழியனுப்பிய அழுகை, இன்றைய முதியவர்களின் காதில் இன்னும் இருக்கிறது. மலையக மக்களின் வாக்கோடு ஒருவர் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தது 1977இல். நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியின் மூன்றாவது அங்கத்தவராகத் தொண்டமான் தெரிவானார். 1947க்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

1980களில் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தும் நாடற்றவர்கள் எஞ்சியிருந்தார்கள். 2003 ஒக்டோபரில் நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்ற 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியினரையும் பிரஜைகளாக்கியது. இந்தியப் பாஸ்போட் வைத்திருந்தோர் ஒரு பிரகடனம் கொடுத்தால் போதும். மற்றவர்கள் சட்டத்தினாலேயே பிரஜைகளானார்கள்.